அமலன் முதுகு ஸ்கேன் பற்றி

மண்ணூர்
ஆகஸ்ட் 2004

அன்பு மகள் ஜெர்சிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் மாதா துணையில் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் உன் தம்பி அமலன் வெறும் தசைப்பிடிப்புதான் அக்கா என்றானே, அது உண்மையில்லை. அவன் பக்கத்திலேயே நின்றதால் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

கம்பெனியில் லைனில் இரும்புப் பெட்டியைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லையாம். கூட வேலை செய்கிற மாசானம் என்ற திருநெல்வேலிப் பையன்தான் வேனில் படுக்கவைத்துக் கூட்டிவந்தான். ரெண்டு நாள்ல சரியாய்டும்பா என்று உன் தம்பி சிரித்தான். பிறகு இடது கால் மரத்துப்போகிறது என்றதும் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், அவன் பேரும் சிவியர் என்ற ஒரு வார்த்தையும்தான் எனக்குப் புரிந்தது. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் படத்தைத் தூக்கிப் பார்த்தேன். என் பிள்ளையின் முதுகெலும்புதான், ஆனால் எந்த இடத்தில் வலிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை அம்மா. டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார். எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கும், அதுல ஒண்ணு பிதுங்கி காலுக்குப் போற நரம்ப அழுத்துது என்றார். நிறையப் பேருக்கு மாத்திரையிலும் ஓய்விலும் சரியாகிவிடும், கால் பலம் குறைந்தால் மட்டும் உடனே வாங்க என்று அனுப்பினார். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளோ, இன்னாத்துக்கு ஸ்கேனு, முதுவுல கத்தி வெச்சா அப்பால படுத்த படுக்கைதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. சூப்பர்வைசர் வேறு, சீக்கிரம் வரலேன்னா வேற ஆள் போட்ருவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் எனக்கு முன்னால் நடந்துபோனான். இடது கால் செருப்பு கழன்று ரோட்டில் கிடக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. தார் கொதிக்கிற வெயிலில் வெறுங்காலோடு போய்க்கொண்டே இருக்கிறான். நான் கூப்பிடவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வீட்டு வாசலில்தான் காலைப் பார்த்தான், அப்புறம் என் கையைப் பார்த்தான். அக்காவுக்குச் சொல்லாதப்பா, அங்க மாமா வேலைக்குப் போனா ஒண்டியா அழுதுகினு இருக்கும் என்றான். சரி என்று தலையாட்டினேன், மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். இடது கால் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான், விரல் அசையவில்லை. இனிமே தள்ளிப்போட வேணாம், ஆபரேஷன் பண்ணிடலாம் என்றார். கால் பழையபடி வருமா என்று கேட்டேன். வரலாம், உறுதியா சொல்ல முடியாது என்றார். உன் அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெளியே போய்விட்டாள். நான் போட்டேன். சரியா தப்பா, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எது நடக்குமோ அது நடந்து முடிந்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, கனமான எதையும் குனிந்து தூக்காதே. போன் செய்தால் அவனிடம் ஒன்றும் தெரியாத மாதிரியே பேசு, கால் எப்படி என்று மட்டும் கேட்காதே. அதை என்னிடம் கேள். நான் என்ன சொன்னாலும் என் குரலிலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

உன் அப்பா
ம. ஏசுதாஸ்