நீ போகாத கோலாலம்பூர்

மேசைமேல் ஒரு பச்சைத் தைலப் புட்டி இருக்கிறது. சுண்டுவிரல் உயரம்தான். மூடியைத் திருகாமலேயே கடை முழுக்க அதன் வாசனை. ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் "தலைவலியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் வீட்டுக்காரர் கோலாலம்பூரிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆமாம், போய்விட்டு வந்துவிட்டார். தனியாக இல்லை. நீ செத்து வருஷம் திரும்புவதற்குள் செங்கம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டாரே, அவளோடு. நீ போட்ட திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீ சொன்ன ஊருக்கு, நீ சொன்ன சித்திரை மாதத்தில். இதை உனக்கு நோகாமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நமக்குள் நோகாமல் பேசும் பழக்கம் எப்போது இருந்தது?

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில், இதே கடையில் இரண்டாவது கம்ப்யூட்டர் உன்னுடையது. ஊரில் யாருக்குப் பாஸ்போர்ட் வேண்டுமென்றாலும் உன் முன்னால்தான் வந்து உட்கார்வார்கள். துபாய்க்குப் போகிறவன், குவைத்துக்குப் போகிறவன், மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகிற அம்மா, எல்லோருக்கும் நீ விண்ணப்பம் போட்டாய், டிக்கெட் போட்டாய். "பாதி ஊரை ஏரோபிளேன் ஏத்தி வுட்டுட்டேன்டி. நான் மட்டும் அடி அண்ணாமலை மினி பஸ்லயே போயிட்டு வரேன்" என்பாய். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். எனக்குக் கேட்கச் சகிக்காது.

கோடையில் மத்தியானம் ஆள் வர மாட்டார்கள். வெயிலில் மலையே வெளுத்துப்போய் நிற்கும். சோற்று டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு நீ கோலாலம்பூரைத் திறப்பாய். சிங்கப்பூர் கட்டுப்படியாகாது, பாங்காக் என்றால் அவருடைய மோட்டார் ரிப்பேர் கடையில் இருப்பவர்கள் கேலி பேசுவார்கள், அதனால் கோலாலம்பூர். விசா வேண்டாம், பாஷை தெரிந்தவர்கள் இருப்பார்கள், ரசம் கிடைக்கும். நான்கு நாள், நீயும் அவரும் மட்டும். குழந்தை இல்லாத வீட்டில் எல்லா விடுமுறையும் யாரோ ஒருவருடைய குழந்தைக்குக் காது குத்தும் விருந்தில்தான் முடிகிறது என்று ஒரு நாள் நீ எரிந்து விழுந்தாய். அப்போதுதான் இது வெறும் ஆசையில்லை என்று எனக்குப் புரிந்தது.

சிக்கனத்தில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது. பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதனால் ஆளுக்கொரு தோள்பை மட்டும். புடவை கனம், சுடிதார்தான். காலைச் சாப்பாடு சேர்ந்த அறை வேண்டாம், தெருமுனைத் தமிழர் கடையில் ரொட்டியும் பருப்பும் பாதி விலை. அந்த இரட்டைக் கோபுரத்தின்மேல் ஏற டிக்கெட் கேட்கிறார்கள் என்றதும் ஒரே போடாகப் போட்டாய்: "மேல ஏறிட்டா கோபுரம் எங்கடி தெரியும்? கீழ நின்னாத்தான் தெரியும்." அங்கே குகைக்கோயில் பிரசித்தம் என்று நான் எடுத்துக்கொடுத்தபோது என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "மலையும் வேணாம், கோயிலும் வேணாம். நாலு நாளாவது என்னை வுடுங்களேன்" என்றாய்.

தேரடி வீதியில் மஞ்சள் சுடிதார்த் துணி எடுத்தோம். கடைக்காரர் வேறு நிறம் காட்டக் காட்ட நீ அதையே பிடித்துக்கொண்டிருந்தாய். ஓடும் ரயில் பின்னால் தெரிகிற மாதிரி அதில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். தெருவில் கொய்யாவை நறுக்கி, ஏதோ புளிப்புப் பொடி தூவித் தருவார்களாம், அதை நின்றுகொண்டே தின்ன வேண்டும். இப்படி ஒவ்வொன்றையும் நீ சொல்ல, நான் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

பிறகு நீ செய்த காரியம் இருக்கிறதே, அதை இந்த ஊரில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு மத்தியானம் டிக்கெட் மலிவாக வந்தது. கைதட்டிக்கொண்டே போட்டுவிட்டாய். விலை பார்த்தாய், கிழமை பார்த்தாய், திரும்பும் விமானம் பார்த்தாய். பௌர்ணமி பார்க்கவில்லை. திருவண்ணாமலையில் பிறந்து, கிரிவலப் பாதையில் வாழ்க்கைப்பட்டு, சித்திரைப் பௌர்ணமியின் நடுவில் டிக்கெட் போட்ட ஒரே பெண் நீதான்.

உன் வீட்டு வாசலை உரசிக்கொண்டுதான் அன்றைக்கு ஊர் உலகமெல்லாம் மலையைச் சுற்றும். உன் வீட்டில் எலுமிச்சைச் சாறு விற்பீர்கள், நடந்து களைத்த பெண்களுக்குக் குளியலறையைத் திறந்துவிடுவீர்கள். வருமானம் ஒரு பக்கம். அந்தப் பாதையில் பௌர்ணமியன்று எந்த வீடும் பூட்டிக் கிடக்காது என்பது இன்னொரு பக்கம். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அவர் கத்தவில்லை, கோபப்படவில்லை. மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற மனிதர், அவருக்கு நிதானம் அதிகம். "பௌர்ணமிக்கு வெளக்கு இல்லாம வீடு பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு" என்றாராம். நீயும் சொல்லிவிட்டாய், நல்லா இருக்காது என்று. பணம் திரும்ப வராத டிக்கெட், போயே போய்விட்டது.

அந்தப் பௌர்ணமியன்று உனக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தேன். வாசலில் மேசை போட்டு நீ எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாய். கூட்டம் அரோகரா என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு முறை கை நின்றது. "இந்நேரம் ஏறி உக்காந்திருப்போம்டி" என்றாய். உள்ளே பார்த்தேன். அவர் நிம்மதியாகத் தண்ணீர்க் கேன் மாற்றிக்கொண்டிருந்தார். அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. உன்னையும்தான். வீட்டுச் சாவியை என்னிடம் தூக்கிப்போட்டுவிட்டு நீ கிளம்பியிருக்க வேண்டும். நான் பிழிந்திருக்க மாட்டேனா சாறு? பத்து ஊர்க்காரனுக்குப் பாஸ்போர்ட் வாங்கித் தரத் தெரிந்த உனக்கு, உன் வீட்டு வாசலைத் தாண்டத் தெரியவில்லை. முட்டாள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

அடுத்த கோடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த கோடை வருவதற்குள் உன் வயிற்றில் கட்டி வந்துவிட்டது. அது எந்தப் பௌர்ணமிக்கும் காத்திருக்கவில்லை.

நேற்று அவர் கடைக்கு வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். தைலத்தைக் கொடுத்தார், மிட்டாய் கொடுத்தார், போனை நீட்டினார். ஒவ்வொரு படமாகத் தள்ளினார். கோபுரத்தைக் கீழே நின்று பார்க்கிறாள். தெருமுனையில் ரொட்டி தின்கிறாள். ரயில் பின்னால் ஓடுகிறது, முன்னால் மஞ்சள் சுடிதாரில் நிற்கிறாள். அதே மஞ்சள். நீ தைத்து ஒரு தடவைகூடப் போடாதது. பக்கவாட்டில் பிடித்துத் தைத்தும் தோள் சரிந்து தொங்குகிறது. அவள் உன்னைவிட மெலிவு.

"எல்லாம் அவ போட்டு வெச்ச பிளான்தாம்மா. ஒண்ணுகூட மாத்தல. அவ போடாத எடத்துக்குப் போனா செலவு ஜாஸ்தியாயிடும் பாரு. கம்மியில முடிஞ்சிடுச்சு. கெட்டிக்காரி" என்றார். உன்னைப் புகழ்கிறாராம். கண்ணில் தண்ணீர்கூட வந்தது அந்த மனிதருக்கு. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

படத்தின் தேதியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். "சித்திரைப் பௌர்ணமி ஆச்சேண்ணா. வீட்டை என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"பூட்டிட்டுப் போயிட்டோம்மா. ஒரு பௌர்ணமிதானே?"

கேட்டுக்கொண்டாயா? ஒரு பௌர்ணமிதானே. இப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்திருக்கிறது. உனக்கு அதை அவர் எடுத்துத் தரவேயில்லை.

போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். எழுந்திருக்கும்போது கேட்டார்: "ஆஸ்பத்திரியில இருக்கும்போது கொழும்புன்னு ஏதோ சொல்லிட்டிருந்தாளே, உங்கிட்ட இருக்கா? அடுத்த வருஷம் ஆகும்." பார்க்கிறேன் என்றேன். வண்டிக்குப் பெட்ரோல் போடப் போனார்.

அவர் போனதும் அவள் உள்ளே வந்தாள். உட்காரச் சொல்லியும் உன் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே துப்பட்டா முனையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொழும்பு பிளான் இருந்தாலும் இல்லன்னு சொல்லிடுங்கக்கா."

ஏன் என்று கேட்டேன்.

"எனக்குக் கொய்யா ஒத்துக்காதுக்கா. அவங்க சாப்பிடணும்னு போட்டிருக்காங்கன்னு வாங்கிக் குடுத்தாரு. தின்னேன். ராத்திரி பூரா வயித்து வலி. அந்த டிரஸ் போட்டுத்தான் ஆவணும்னாரு. ரயில் வர்ற வரைக்கும் வெயில்ல நிக்க வெச்சாரு. படம் எடுத்துட்டு, 'அவ இருந்தா சிரிச்சிருப்பா'ன்னு சொன்னாரு. நான் சிரிக்கத்தாங்கா செஞ்சேன்."

அவளை நிமிர்ந்து பார்த்தேன். சின்னப் பெண். அவளே தொடர்ந்தாள்.

"எனக்குக் கடல்தாங்கா பாக்கணும். சின்ன வயசுல எங்க வீட்ல பாண்டிச்சேரிக்கு ஒருவாட்டி போனோம். கால் நனைக்கறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க. அந்தக்கா பிளான்ல கடல் இல்லன்னு கோலாலம்பூர்லயும் இவரு கூட்டிட்டுப் போவல. அடுத்த வருஷமாவது நான் சொல்ற எடத்துக்குப் போறேங்கா."

"சரிம்மா, போ" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவமாகத்தான் இருந்தது. அவர்கள் வண்டி திரும்பும்வரை பாவமாகவே இருந்தது.

சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன் போனில் உன் குரலைத் தேடி எடுத்தேன். நீ படுக்கையிலிருந்து அனுப்பியது. மூச்சு வாங்குகிறது, நடுவில் யாரோ நர்ஸ் உன்னைத் திட்டுகிறாள். "கோலாலம்பூர் தூரம்டி. கொழும்பு கிட்டக்க. எழுந்ததும் மொதல்ல அங்கதான். எழுதிக்க." அப்புறம் வரிசையாக அறை, ரயில், பழைய மார்க்கெட், கொத்து ரொட்டி. கடைசியில் கடலோரத்துக் காலிமுகத்திடல். "சாயங்காலம் பூரா அங்கதான். கடலு பக்கத்துலயே எறால் வடை விப்பாங்களாம். அவருக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. அலை வந்து காலை நனைக்காம எழுந்திருக்க மாட்டேன். அவர்கிட்ட இப்பவே சொல்லி வையி." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாய். சிரிப்பு இருமலில் போய் முடிகிறது.

அதைக் கேட்டுவிட்டு எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். உன் சுடிதார் போயிற்று, உன் ரயில் போயிற்று, நீ கேட்டுக் கிடைக்காத பௌர்ணமி அவளுக்குக் கேட்காமலே கிடைத்தது. அவள் கேட்டாளா, கேட்கவில்லையா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். அறை, ரயில், மார்க்கெட், கொத்து ரொட்டி, எல்லாவற்றையும் நீ சொன்னபடியே அடித்தேன். கொத்து ரொட்டியோடு நிறுத்தி அவருக்கு அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. கும்பிடும் கை ஒன்று. அதன் கீழே, "ரொம்ப நன்றிம்மா. இவ கடல் இருக்கான்னு கேக்கறா. அவ ஏதாவது போட்டிருக்காளா?"

"கடலைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலண்ணா" என்று அனுப்பினேன்.

சரிம்மா என்றார்.

உன் கடல் என் போனில் பத்திரமாக இருக்கிறது. நான் இருக்கிறவரை அதில் அவள் கால் நனையாது.