இடம்புரித் துகள்கள்

பிப்ரவரி 9

இன்றும் சொதப்பல். செய்முறையில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எரிச்சல்.

டிவித் திரையில் இருக்குமே, அந்தத் திரவப் படிகத்தோடு, வெளிச்சம் பட்டால் இறுகும் மூலப்பொருளைக் கலக்கிறேன். சோப்புத் தண்ணீரில் விட்டுக் குலுக்கினால் பொடிப்பொடித் துளிகள். துளிக்குள் படிகம் எப்படி அடுக்கி நிற்கிறதோ, அதே அடுக்கில் புற ஊதா விளக்கின் கீழ் மூலப்பொருள் பாலிமராக இறுகிவிடும். பிறகு ஆல்கஹாலில் கழுவினால் படிகம் வெளியேறும், அதன் வடிவம் மட்டும் துகளில் மிஞ்சும். என் துகள்கள் இரண்டு முனையும் கூம்பி, நேராக வருகின்றன. பேராசிரியருக்கு வேண்டியது இடப்பக்கம் முறுக்கிய துகள், இடம்புரிச் சங்கு மாதிரி. அதுதான் கண் மருந்தைச் சுமந்துபோய் விழியில் ஒட்டிக்கொள்ளுமாம். எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவளுக்கு அப்படித்தான் வந்ததாம். போன வருடம் காய்ச்சலில் செத்துப்போனாள். ஓயாமல் வேலை செய்வாள் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘எறும்பு’. கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் கிடையாது.

ஜூனுக்குள் இடம்புரி வந்தால் எனக்கு வேலை நிரந்தரம், குடியிருக்க வீடும் உண்டு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வீடு கிடைத்தால்தான் பாப்பாவை அக்காவிடமிருந்து அழைத்துவர முடியும். இந்த விடுதி அறையில் நான் புரண்டு படுத்தாலே சுவர் இடிக்கிறது.

பிப்ரவரி 17

பாப்பாவுக்கு மேல் வரிசையில் முன்பல் விழுந்துவிட்டது. போனில் அந்தக் கதையைச் சொல்லி முடிக்கவே மாட்டேன் என்றாள். கடைசியில், “எப்பம்மா என்னைக் கூட்டிட்டுப் போவ?”

சீக்கிரம்டி கண்ணு என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 26

பேராசிரியர் சொல்கிறார்: “அதே பாட்டில், அதே விளக்கு. கைதான் வேற. அவ இடது கையாலதான் குலுக்குவா.”

படித்த மனிதர் பேசுகிற பேச்சா இது? எந்தக் கை குலுக்குகிறது என்று துளி எட்டிப் பார்க்குமா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் இடது கையால் குலுக்கினேன். கேட்க ஆள் இல்லையே.

நுண்ணோக்கியில் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக, முறுக்கியிருக்கின்றன.

பிப்ரவரி 27

வலது கை – எல்லாம் நேர். இடது கை – மறுபடி முறுக்கு. யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பார்கள்.

மார்ச் 12

பக்கத்து மேசைக்காரியிடம் எறும்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “விளக்கைப் போட்டா அணையற வரைக்கும் வாயத் திறக்க மாட்டா. ஜன்னலுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவா. டீல சர்க்கரை கிடையாது. ஏன் கேக்கறீங்க?”

சும்மாதான் என்றேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சர்க்கரையில்லாத டீ கஷாயம் போல இருந்தது. டீக்கும் துளிக்கும் என்ன சம்பந்தமோ. ஆனால் இன்றைய துகள்களில் பாதி இடம்புரி.

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஏப்ரல் 2

இந்தப் பக்கத்தை இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் கவனித்தேன்.

ஏப்ரல் 10

அக்கா போனில், “என்னடி, யாரோ மாதிரி பேசற? தொண்டை கட்டியிருக்கா?” என்றாள். பாப்பா என் குரலைக் கேட்டதும் போனை அவளிடமே கொடுத்துவிட்டாளாம்.

போதும். இந்த வேலையும் வேணாம், வீடும் வேணாம். எனக்கு என்னமோ ஆகுது. நாளையிலிருந்து வலது கைதான்.

ஏப்ரல் 11

வலது கை. சர்க்கரை போட்ட டீ. துகள்கள் அத்தனையும் நேர்.

பேராசிரியர் திட்டவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். என்ன செய்ய? பிள்ளை அங்கே கிடந்து ஏங்குகிறாள். இன்னும் கொஞ்ச நாள். வீட்டுச் சாவி கைக்கு வரட்டும், எல்லாவற்றையும் விட்டுத் தொலைக்கிறேன்.

ஏப்ரல் 29

துகள்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கு விழுந்தது மேல் பல்லா, கீழ்ப் பல்லா? காலையிலிருந்து யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

மே 14

எல்லாம் இடம்புரி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பக்கத்து மேசைக்காரி எனக்குப் பின்னால் வந்து நின்று, “எறும்பு, சாப்பிடப் போலாமா?” என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். அவள் வரவில்லை.

ஜூன் 3

வேலை நிரந்தரமாகிவிட்டது. சாவி கொடுத்தார்கள். இரண்டு அறை, நல்ல வெளிச்சம். ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று தெரியவில்லை.

ஜூன் 8

காலையில் ஒரு பெண், ஆய்வகத்தில் விலாசம் விசாரித்து, ஒரு சிறுமியை அழைத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னை ‘தங்கச்சி’ என்றாள். நான் மறுத்தால் மனம் புண்படுமே என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். சிறுமியின் பைகளை உள்ளே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

சிறுமி வாசற்படியிலேயே நின்றாள். என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அம்மா எங்கே?” என்றாள். குழந்தைகளோடு எனக்குப் பழக்கமில்லை. பால் காய்ச்சிக் கொடுத்தேன். அடம் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. இந்நேரம் வரை தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வந்துவிடுவாள், கொஞ்சம் பொறு என்று சொல்லிவைத்தேன்.

பாவம், யார் பெற்ற பிள்ளையோ.