குழாய்த் தண்ணீர் குடித்தவன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதாலேயே உனக்குக் கடிதம் எழுதும் உரிமை வந்துவிடாது, அதிலும் உனக்கு அக்கா வயதுதான் எனக்கு, பொறுத்துக்கொள். இங்கே நாங்கள் சுகம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனாலும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறார்.

எனக்குத்தான் ஆய்வகத்தில் மனசே சரியில்லை. பாலத்தடியில் ஓர் உடல் கிடைத்தது, முகம் அடையாளம் தெரியவில்லை, எந்த ஊர் ஆள் என்று கேட்டு முடியை எங்களுக்கு அனுப்பினார்கள். குடிக்கும் தண்ணீரில் கனத்த அணுவும் லேசான அணுவும் கலந்திருக்கும் அளவு ஊருக்கு ஊர் மாறும், அது முடியில் அப்படியே தங்கிவிடும். ஒப்பிட உள்ளூர் முடி வேண்டுமே, வெளியே அலையச் சோம்பல்பட்டு எங்கள் முடியையே கத்தரித்துக் கொடுத்தோம். பொருந்தவில்லை, வெளியூர்க்காரன் என்று அறிக்கையும் போய்விட்டது. பிறகு ஒருநாள் கேனைத் தூக்கி வைக்கும்போதுதான் உறைத்தது, நாங்கள் எல்லோரும் குடிப்பது எங்கோ மலையிலிருந்து வரும் தண்ணீர். எங்கள் முடியைக் கேட்டால் நாங்கள்தான் வெளியூர். இயக்குநரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், மெஷினைவிட உனக்கு அதிகம் தெரியுமோ என்றார். வேறு ஆட்களின் முடி கொண்டுவருகிறேன் என்றதற்கு, "யாரு என்ன தண்ணி குடிச்சாங்கன்னு நீ கூட இருந்து பாத்தியா?" என்று வாயை அடைத்துவிட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மகனைக் காணாத தையல்காரம்மா ஒருவர் தினமும் எங்கள் வாசலில் நிற்கிறார். மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடும், இன்ஸ்பெக்டரோ எங்கள் அறிக்கையைக் காட்டி, "இவன் வெளியூர்க்காரன், உன் புள்ளைய வேற எங்கயாவது தேடும்மா" என்று அனுப்பிவிடுகிறார். வீட்டில் என்ன தண்ணீர் என்று அந்த அம்மாவிடம் நானே கேட்டேன், குழாய்த் தண்ணீர்தானாம். மாதக் கடைசியில் அந்த உடலைப் புதைத்துவிடுவார்கள்.

தலை ஈரத்தோடு வெளியே போகாதே. வேலையில் நல்ல பெயர் எடுத்து, ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் பிறந்தநாளுக்கு மறக்காமல் பேசு.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் வந்து கேன் வாங்க ஆரம்பித்தபோது, "அவங்க வாங்குற தண்ணி எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, வேலைக்காக வெளியூர் கிளம்பும்வரை குழாயில் பிடித்தே குடித்தாய். கூட இருந்து பார்த்தேன் என்று நான் சத்தியம் செய்யக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். நீ இங்கே இருந்தபோது வளர்ந்த உன் பின்னலின் நுனியில் ஒரு விரற்கடை கத்தரித்து அனுப்புவாயா?

அன்புடன்,
சித்தி