அஜீசாவின் இடது கை

மேற்குத் தாம்பரம்,
16-11-1968

பிரியமுள்ள மகள் சரோஜினிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் ஏதோ சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, பேனாவை எடுத்தால் கண் சொருகுகிறது. மழை ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்கு இழுப்பு விடவில்லை, நாற்காலியிலேயே தூங்குகிறார், ஆனாலும் வாய் ஓயவில்லை, காபியில் சர்க்கரை குறைவு என்று தினம் ஒரு புகார். நான் வழக்கம்போல ரயிலில் பல்லாவரம் போய், அங்கே பஸ்ஸைப் பிடித்து அனகாபுத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். முப்பத்தோரு வருஷமாகப் போய் வருகிற வழி, இப்போதுதான் தூரமாகத் தெரிகிறது.

எக்ஸ்டென்ஷன் கிடைத்ததற்கு நீ சந்தோஷப்பட்டு எழுதியிருந்தாய். அது எப்படிக் கிடைத்தது என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்போல் இருக்கிறது. செப்டம்பரில் இன்ஸ்பெக்ஷன் வந்ததே, வயது முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய நான் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமா கூடாதா என்பது இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பார்த்து எழுதுவதில்தான் இருக்கிறது என்று ஹெட்மாஸ்டர் கஸ்தூரிரங்கன் சொல்லிவிட்டார். அப்பாவின் மருந்தையும் ஊசியையும் நினைத்துப் பயந்துபோய் மூன்று வாரம் ஆறாம் வகுப்புக்கு நவுன் வகைகளையே போட்டு இடித்தேன். குன்றத்தூர் பிராப்பர் நவுன், ஹில் காமன் நவுன், ஆர்மி கலெக்டிவ், காட்டன் மெட்டீரியல், கையால் தொட முடியாத பயமும் பொறுமையும் அப்ஸ்ட்ராக்ட் என்று சார்ட் எழுதி மாட்டினேன். அதோடு எங்கள் பழைய தந்திரத்தையும் சொல்லிக்கொடுத்தேன். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. நான் வலது கையாகப் பார்த்து எழுப்புவேன். பார்க்கிறவருக்கு வகுப்பு முழுக்க மேதைகள்.

டெய்லர் பாட்சாவின் மகள் அஜீசாவை இடது கை என்று நானே தீர்மானித்தேன். பதில் தெரியாதவள் என்பதற்காக அல்ல, அவள் கேள்வி கேட்பாள். ஃப்ளட் என்பது மெட்டீரியலா அப்ஸ்ட்ராக்டா டீச்சர், தண்ணிய தொட முடியுது, ஆனா வடிஞ்சிட்டா அது எங்க கீது என்றாள் ஒருநாள். அவர்கள் சந்துக்குள் வருஷா வருஷம் ஆறு நுழைகிறது, அவள் கேட்காமல் யார் கேட்பார்கள். சார்ட்டைப் பார்த்துப் படி என்று உட்கார வைத்தேன். இன்ஸ்பெக்டர் எதிரில் இப்படி எதையாவது கேட்டுவைத்தால் மானம் போய்விடும் என்று, நீ இடது கையே தூக்கு என்றேன். அன்றைக்கு ஜெயவேலுவும் மற்றவர்களும் கிளிபோல ஒப்பித்தார்கள். அஜீசா சொன்னபடி இடது கையைத்தான் தூக்கினாள், ஆனால் பதில் நாக்கு நுனியில் நிற்க, பெஞ்சை விட்டு எழும்பி எழும்பித் தூக்கினாள். வகுப்பிலேயே உயரத்தில் இருந்தது அந்தக் கைதான். இன்ஸ்பெக்டர் அவளைக் காட்டி, அந்தப் பெண் சொல்லட்டுமே என்றார். அவளுக்கு மூளை கொஞ்சம் கம்மி சார், பாவம் என்று சும்மா உட்கார வைத்திருக்கிறோம் என்று சொன்னேன் சரோஜா, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார், நன்றாகவே எழுதினார், ஆர்டரும் வந்தது. அவள் கையை எப்போது இறக்கினாள் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் சந்தோஷக் கடிதத்தைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை, போன திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து, அப்பா தைத்த சட்டைகளுக்குக் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சபீஹா பாய் விரித்து, டீ கொடுத்து, நீங்களே மூள கம்மின்னு சொல்லிட்டீங்களாமே டீச்சரம்மா, இனிமே இஸ்கூலு இன்னாத்துக்கு, கை வேலையாவது கத்துக்கினு போவட்டும் என்றாள். குரலில் கோபமே இல்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படியெல்லாம் இல்லை என்று மென்று விழுங்கிவிட்டு வந்தேன். பிறகும் தினமும் பள்ளி விட்டதும் போனேன், அந்தப் பெண் தலை நிமிரவேயில்லை. நேற்றுதான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, டீச்சர், நெஜமாவே எனக்கு மூள கம்மியா என்று கேட்டாள். இல்லை கண்ணு, டீச்சர் பொய் சொன்னேன், வேலை போய்விடும் என்று பயந்து சொன்னேன் என்றேன். அப்போ அத்த அந்த சார் கைல சொல்லுங்க என்றாள்.

இன்று காலை இன்ஸ்பெக்டருக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பிலும் சொல்லப்போகிறேன். எக்ஸ்டென்ஷன் நிற்குமோ போகுமோ தெரியாது, அதை நினைத்துக் கவலைப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அந்தக் கடிதத்தை அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன், இந்த வயதில் உனக்கு இது தேவையா என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அதை மடித்து உறையில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டிக்கொடுத்தார். இந்தக் கடிதத்தையும் அதையும் ஒன்றாகத்தான் பெட்டியில் போடுகிறேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, எக்ஸ்டென்ஷன் கிடைத்ததற்கு நன்றியாக உங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் போடாதே.

உன் அம்மா,
வே. தபீதாள்