"எறங்குடி" என்று சொன்ன காலை

வின்னிபெக்,
1994 ஜனவரி 27, வியாழன்

நெட்டிக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்துக்கொண்டேன். மூன்று முறை போன் செய்தாயிற்று. என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடு.

என் வலது காலில் இரண்டு விரல்கள் குளிரில் உறைந்து கறுத்துவிட்டன. வெட்டலாமா வேண்டாமா என்று இப்போது சொல்ல முடியாதாம். "காத்திருந்து பாப்போம். எது பொழச்சுது, எது போச்சுன்னு அதுவே காட்டிடும்" என்கிறார் டாக்டர், கடையில் தக்காளி பொறுக்குகிறவர் மாதிரி. காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு சமையலறையில் கிடக்கிறேன். மனுவேல் சூப் வைத்துக் கொடுக்கிறார். கொடுக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறார். கட்டிய மனைவி என்ற முறையில் நான் அவரைத் தடுக்க வேண்டும். தடுக்கவில்லை.

நம் ஆலையில் எல்லாரிடமும் நீ வேறு மாதிரி சொல்லிவைத்திருப்பாய். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, இருட்டு, மைனஸ் முப்பத்தாறு. மக்ஃபிலிப்ஸ் தெருவில் ஒருவன் தன் வீட்டு முன்னால் பனி வாரிக்கொண்டிருந்தான். உன் கார் அவனை உரசப் போயிற்று. கையிலிருந்த மண்வாரியைப் போட்டுவிட்டுப் பனிமேட்டில் பாய்ந்து விழுந்தான். நான் கேட்டது ஒன்றுதான்.

"நெட்டி, அந்த ஆளப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்தா ஏன் பிரேக் போடல?"

"பனிக்கட்டி மேல பிரேக் போட்டா வண்டி சுத்திடும். ஸ்டியரிங்கத் தொட்டே பாக்காதவளுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

பட்டாசு மாதிரி நீ வெடிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இப்படி ஆளை உரசப் போனது அந்த மாதத்தில் மூன்றாவது தடவை. அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை. "உன் கண்ணப் பத்தி லொரேன் கிட்ட சொல்லிட்டேன், நெட்டி. உன் பொண்ணுக்குத் தெரியணும்" என்றேன்.

ஆர்லிங்டன் பாலத்துக்கு முன்னால் இருக்கிற பஸ் நிறுத்தத்தில் காரை ஓரங்கட்டினாய்.

"எறங்குடி."

"வெளில முப்பத்தாறு, நெட்டி."

"எறங்குன்னேன். என் வண்டில ஒக்காந்துக்கிட்டு என்னையே வேவு பாக்கறவளுக்கு இங்க எடமில்ல."

இறங்கினேன். என் காலில் ஆலையில் போடுகிற துணி ஷூ. வீட்டு வாசலிலிருந்து ஆலை வாசல்வரை உன் கார்தானே, பூட்ஸ் எதற்கு என்று எத்தனை வருஷமாக அப்படி வந்துகொண்டிருக்கிறேன்! நிழற்குடையின் கண்ணாடியை யாரோ உடைத்திருந்தார்கள். உள்ளேயும் பனி. பஸ் எங்கேயோ சிக்கிக்கொண்டது. கடைசியில் ரொட்டி வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டபோது என் பாதம் எனக்கே சொந்தமில்லாததுபோல இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. அது உனக்கே தெரியும்.

மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் எழுது.

ஃபிலோமினா


வின்னிபெக்,
1994 பிப்ரவரி 1

மகாராணி ஃபிலோமினா அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன், இரண்டாவது முறை இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லொரேன் வந்தாள், புருஷனையும் கூட்டிக்கொண்டு. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "சாவியக் குடும்மா" என்றாள். ஏன் என்றேன். "யாரையாவது கொன்னுடுவ" என்றாள். என் சமையலறையில் நின்றுகொண்டு, நான் பிடித்த கொழுக்கட்டை அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்போது, பெற்றவளைப் பார்த்து! வால்டர் செத்துப்போனபோது இந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான இருக்கை. அதன் சாவி இப்போது மருமகன் சட்டைப் பையில். திருப்திதானே?

நீ என் பக்கத்தில் உட்கார்ந்த குளிர்காலங்களை எண்ணிப்பார். இன்ஜின் உறையாமல் இருக்க ராத்திரி கரண்ட் ஒயரைச் செருகி வைத்து, விடியுமுன் எழுந்து, கண்ணாடியில் ஒட்டின பனியைச் சுரண்டி, உள்ளே சூடு வருகிறவரை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? உன் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தால் ஒரு நாளாவது உடனே வந்திருக்கிறாயா? ஒரு கையுறை கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. அந்தக் கருவாட்டு ரொட்டியை என் காரில் தின்பாய், வெள்ளிக்கிழமைவரை வாடை போகாது. ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? மனுவேல் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது புயலில் உன்னைக் கொண்டுபோய் விட்டது இந்தக் குருட்டுக் கிழவிதானே? அன்றைக்கு என் கண்ணைப் பற்றி உனக்குக் கவலை வரவில்லையே!

நான் அந்த ஆளைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் பார்த்தேன்.

இறங்கச் சொன்னேன், ஆமாம். நீ இறங்கிவிடுவாய் என்று நினைக்கவில்லை. "போடி பைத்தியம், வண்டிய எடு" என்பாய் என்று நினைத்தேன். எத்தனை சண்டை போட்டிருக்கிறோம், எப்போதும் அப்படித்தானே சொல்வாய்! அன்றைக்குப் பார்த்து ரோஷம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு போனாய்.

இதையும் கேட்டுக்கொள். நான் திரும்பி வந்தேன். பாலத்தைத் தாண்டியதுமே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அந்த நிறுத்தத்தை ஒட்டி ஆமை மாதிரி ஓட்டினேன். யாரும் இல்லை. மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அப்போதும் யாரும் இல்லை. சரி, யாரோ உன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. ஆலையில் போய் உன் மெஷினைப் பார்த்தேன், நீ வரவில்லை. வீம்புக்கு லீவு போட்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

நான் வந்தபோது நீ அங்கே இல்லை. பிறகு உன் விரல் எங்கே கறுத்தது? எவனுடைய சூடான வண்டியில் உட்கார்ந்து கறுத்தது? 'உனக்கே தெரியும்' என்று புதிர் வேறு போடுகிறாய். எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது இரண்டு பஸ் மாறி ஆலைக்குப் போகிறேன். நேற்று ஒரு தடியன் என் மேல் சாய்ந்து தூங்கினான். அவன் தொப்பியில் இருந்த பனி உருகி என் கழுத்துக்குள் ஒழுகியது. உன்னை நினைத்துக்கொண்டேன்.

நெட்டி பாவ்லிக்


வின்னிபெக்,
1994 பிப்ரவரி 5

நெட்டி,

உன் கடிதத்தை மனுவேலுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், உன்னைத் திட்டுவதற்குத் துணை வேண்டுமே என்று. நீ திரும்பி வந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "என்ன ஆச்சு, படி" என்றார். அந்த வரியை மனசுக்குள் மறுபடி படித்தேன்.

நான் அங்கேதான் இருந்தேன், நெட்டி.

நிழற்குடைக்குள்கூட இல்லை. உள்ளே பனி என்பதால் நடைபாதையின் விளிம்பில், தெருவிளக்குக்குக் கீழே நின்றிருந்தேன். சிவப்புக் கோட்டு. உன் கார் வருவதைத் தூரத்திலேயே தெரிந்துகொண்டேன், ஒரு பக்க விளக்கு மங்கலாக எரியுமே. 'வந்துட்டா' என்று சிரித்தேன்கூட. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். நீ மெதுவாக வந்தாய். என்னைத் தாண்டிப் போனாய். கை நீட்டினால் உன் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம், அவ்வளவு பக்கத்தில். மறுபடி வந்தாய். "நெட்டி! நெட்டி!" என்று கத்தினேன். நேராகப் பார்த்துக்கொண்டு மறுபடி தாண்டிப் போனாய்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்! என்னைக் குளிரில் நிறுத்தியது போதாதென்று, இரண்டு முறை வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். ரொட்டி வண்டியில் அழுதுகொண்டே வந்தது காலுக்காக இல்லை. போன கடிதத்தில் கை வரவில்லை என்று எழுதியது இதைத்தான். இத்தனை நாளும் ராத்திரியில் விழித்துக்கொண்டு, நீ நாசமாகப் போக வேண்டும் என்று ஜெபம் செய்திருக்கிறேன். மாதாவிடம் போய் அப்படிக் கேட்கலாமா? கேட்டேன்.

இப்போது உன் கடிதம் கையில் இருக்கிறது. யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ பொய் சொல்கிறவள் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் ஆலையில் எப்போதோ மேஸ்திரியாகியிருப்பாய்.

சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, விளக்குக்கு அடியில் கையாட்டிக்கொண்டு நின்றவளை நீ பார்க்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பனி வாரினவனையும் பார்க்கவில்லை. என்னிடம் வீம்பு பேசு, பரவாயில்லை. டாக்டரிடம் போ. உடனே போ.

லொரேனிடம் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. இன்னும் முன்னாலேயே சொல்லாததற்குத்தான் வருந்துகிறேன்.

ஃபிலோமினா


வின்னிபெக்,
1994 பிப்ரவரி 14

ஃபிலோமினா,

உன் கடிதம் வந்த அன்று அதை எரித்துவிட்டேன். எரித்தபிறகும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. என்ன எழவுக்கு எரித்தேனோ.

கண் டாக்டரிடம் போனேன். உனக்காகப் போகவில்லை. நீ சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கி வரத்தான் போனேன்.

இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நேராகப் பார்க்க வேண்டும், எங்கேயாவது சின்ன வெளிச்சம் மினுங்கினால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. எனக்கு எரிச்சலாகிவிட்டது. "ஏம்மா, மெஷின் நின்னுபோச்சா? எவ்வளவு நேரந்தான் குனிஞ்சிட்டே இருக்கறது?" என்று அங்கே இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"நிக்கல, மிசஸ் பாவ்லிக்" என்றாள். "வெளிச்சம் வந்துக்கிட்டேதான் இருக்கு."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அவளை அறைய வேண்டும்போல இருந்தது.

ஓரமெல்லாம் போய்விட்டதாம். நேர் எதிரே இருப்பது மட்டும்தான் மிச்சம். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி என்றார் டாக்டர். போனது திரும்பாதாம், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. "எப்படிம்மா இவ்வளவு நாள் கார் ஓட்டுனீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

போன இலையுதிர் காலத்திலிருந்தே எதுவோ சரியில்லை என்று தெரியும். நீ பக்கத்தில் இருந்ததால் ஓட்டினேன். நீ மூச்சை இழுத்தால் பிரேக்கை மிதிப்பேன். நீ கதவுப் பிடியைப் பிடித்தால் இடது பக்கம் ஒதுங்குவேன். நீ பேசிக்கொண்டே வந்தால் தெருவில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்தப் பனி வாரினவன் வந்தபோது நீ கைப்பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தாய். அவன் பனிமேட்டில் பாயும்போதுதான் நீ நிமிர்ந்து பார்த்தாய். அவனை நான் பார்க்கவேயில்லை.

உன்னை இறக்கிவிட்டேனே, அதற்கப்புறம் அந்தப் பாலத்தில் யார் மூச்சைக் கேட்டு ஓட்டினேன்?

லைசென்ஸை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். காரை லொரேன் விற்கட்டும். யார் வாங்குகிறார்கள் என்று என்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உன் விரலுக்காக மன்னிப்புக் கேட்டு எழுதப் போவதில்லை. கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அந்தச் சாந்தமான முகத்தை வைத்துக்கொண்டு. அதை என்னால் தாங்க முடியாது. எனக்கு உன்மேல் இன்னும் கோபம். நீ சொன்னது சரியாகிவிட்டதே என்று கோபம். பஸ்மேல், பனிமேல், வால்டர்மேல்கூடக் கோபம், முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று.

பனி உருகும்வரை என் வீட்டுப் பக்கம் வராதே. யாரையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

நெட்டி


வின்னிபெக்,
1994 பிப்ரவரி 17

அடி நெட்டி,

ஒரு விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். மற்றது பிழைத்துக்கொண்டது. கட்டைப் பார்த்தால் பெரிதாக இருக்கிறது, ஆனால் நடக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனுவேல் உன்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். நான் ஆரம்பித்திருக்கிறேன். என்னைக் கேட்காமல் என்னைக் கண்ணாக வைத்துக்கொண்டு ஓட்டினாயா? ஊர்க்கதை பேசிக்கொண்டு, ரொட்டி தின்றுகொண்டு, கண்ணை மூடிக் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டு வந்தேனே, பாவி! நான் தூங்கின நாளெல்லாம் என்ன செய்தாய்? அந்தத் தெருக்களில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் நடக்கவில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் பஸ்ஸில் போயிருப்போம். சாந்தமாக முகம் வைத்துக்கொண்டு மன்னித்துவிடுவேனாம்! யார் சொன்னது? எனக்கு மன்னிக்கிற உத்தேசமே இல்லை. நேரில் வந்து சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

இந்த ஊரில் பனி உருக ஏப்ரல் ஆகும். அதுவரை என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. சனிக்கிழமை காலை வருகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும், காலில் கட்டு வேறு, அதனால் நேரமாகும். மனுவேலின் பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வருகிறேன், சிரிக்காதே.

பக்கவாட்டில் வந்து நின்றால் உனக்குத் தெரியாது. கதவுக்கு நேர் எதிரே நிற்கிறேன். நீ திறக்கவில்லையென்றால் உன் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். திறக்கிறவரை கத்துவேன்.

ஃபிலோ