சிவப்பு வண்டிக்கு டயர் பார்த்த விஷயம்

அன்புள்ள என் சின்னப் பையனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் வலி எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் போதும், உன் அப்பா எங்கே இருந்தாலும் மூக்கில் வியர்த்தது போல வந்து நின்று, ஸ்பீக்கர்ல போடு என்கிறார். இது ஸ்பீக்கரில் போடுகிற விஷயம் இல்லை. அதனால்தான் தையல் மிஷின் பலகையில் பேப்பரை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து ஆடினால் பலகையைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் ஊர்க்கதை. உன் அக்கா முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள், கதவைத் திறந்த உன் அப்பா யார் வேணும் என்று கேட்டுவிட்டார், அவள் இன்னும் அதற்காக முறுக்கிக்கொண்டு இருக்கிறாள். மாடி வீட்டுக்காரர் புல்லாங்குழல் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார், யார் செய்த பாவமோ தெரியவில்லை, நாங்கள் அனுபவிக்கிறோம். எனக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தையல் குவிந்து கிடக்கிறது, வீட்டில் இடம் போதாமல் துணி மூட்டைகளை உன் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் வண்டி நிற்கிற ஷெட்டில் அடுக்கியிருக்கிறேன். வண்டி என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன தடவை பேசும்போது நீ என்ன சொன்னாய்? அந்த வண்டி உங்களுக்குச் சும்மா ஒரு தொல்லைம்மா, வாங்க ஆள் கிடைச்சாச்சு, புது டயர் கேக்கறார், எதையாவது நாலு டயரைப் போட்டு வைக்கச் சொல்லுங்க, லீவுல வந்ததும் கொடுத்துடறேன் என்றாய். எங்கள் சுமையைக் குறைக்கத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும், உன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் அப்பா பஸ் ஓட்டுவதை விட்டு வீட்டுக்கு வந்த புதிதில் முன் ஜன்னலில் நின்றுகொண்டு, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் லேட்டு லேட்டு என்று திட்டுவார். காது புளித்துப்போய், வாயைக் கொஞ்சம் மூடுங்களேன் என்று நான் கத்துவேன். அப்புறம் ஒரு கட்டத்தில் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். சும்மா நின்று பார்ப்பார், பஸ் போனதும் நாற்காலியில் வந்து உட்காருவார், டீ ஆறிப்போனால்கூட ஏன் ஆறிப்போச்சு என்று கேட்க மாட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உன்னிடமும் அக்காவிடமும் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ வெளிநாட்டுக்குக் கிளம்பினாய், வாரம் ஒரு தடவை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி விடுங்கப்பா என்று சாவியை அவர் கையில் கொடுத்தாய். முதலில் ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வருவார். அப்புறம் கேட் வரைக்கும் கொண்டுவந்தார், பேட்டரிக்கு நல்லதாம். பிறகு தெருமுனை வரைக்கும், பிரேக்குக்கு நல்லதாம். பிறகு என்னை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி மலைரோட்டில், எனக்குக் காற்றோட்டம் நல்லதாம். அந்த வண்டிக்குள் ஏறுவது ஏறுவதா, தரையில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வது, என் முழங்காலுக்குத்தான் தெரியும். ஆனால் திரும்பி வரும் வழியில் எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்து உன் அப்பா லேட்டு என்று கத்தினார் பார், எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை என்பது அநேகமாகத் தினமும் என்று ஆகிவிட்டது. மழையிலும் போவோம். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நீ கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது டயருக்கு வருகிறேன். நீ கேட்டதற்கு வீடியோவில் காட்டினாரே, டயர் எல்லாம் ஜோரா இருக்கு என்று, அன்றைக்கு மறுநாள் என் நூல்கண்டு ஒன்று உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தால், பின் டயரின் உள்பக்கம் மழமழவென்று வழித்துவிட்டது போல இருக்கிறது, ஓரத்தில் இழை பிரிந்து தெரிகிறது. இழை பிரிந்திருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உன்னிடம் பொய் சொல்லவில்லை கண்ணு. பஸ் சக்கரம் நேராக நின்று நேராகத் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் போதும். இந்த வண்டிச் சக்கரம் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்து நிற்கிறதாம், அதனால் உள்பக்கம்தான் முதலில் தேயுமாம். வாழ்க்கை முழுக்கப் பார்த்த பழக்கத்தில் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார். முகம் வெளுத்துப்போய் என் துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதுல உன்னை உட்கார வச்சு மலைமேல கூட்டிட்டுப் போயிருக்கேனே என்றார். நான் ஏதோ ஜோக் அடித்துப் பார்த்தேன், எடுபடவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அவன் சொல்ற மாதிரி வித்துடட்டும், எனக்கு இனிமே எதுக்கு வண்டி என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஜன்னலுக்குப் போய் நின்றார். மாடியில் புல்லாங்குழல் வேறு.

விற்பதானாலும் டயர் போட வேண்டுமே, நானே பிடிவாதம் பிடித்துக் கிளப்பினேன். அந்த டயரில் தெருமுனைக்குக்கூட ஓட்ட மாட்டேன் என்று லாரியை வரவழைத்து வண்டியை ஏற்றினார். உன் சிவப்பு வண்டி லாரிமேல் போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது, மாடி வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து துக்கம் விசாரித்தார். டயர் கடையை நடத்துவது ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுகிறாள். உன் வண்டி அளவுக்கு இரண்டு தினுசு எடுத்து வைத்தாள். ஒன்று ரப்பர் மெத்தென்று இருக்கிறது, வெட்டுக்கோடு அதிகம் இல்லை. காய்ந்த ரோட்டில் சூடேறிவிட்டால் பிடித்த பிடி விடாதாம், ஆனால் சீக்கிரம் தேயும், ஈரத்தில் வாலாட்டும். இன்னொன்று அவ்வளவு முறுக்கு இல்லை, ஆனால் ஆழமாகக் கோடு கோடாக இருக்கிறது, தண்ணீரை வாரி வெளியே தள்ளிவிடுமாம், அதிகநாள் உழைக்குமாம். உன் அப்பா உடனே முன்னதற்குக் கோபக்காரன், பின்னதற்குப் பொறுமைசாலி என்று பெயர் வைத்துவிட்டார். பஸ் டிப்போ வழக்கப்படி ஒரு ஸ்பேனரால் இரண்டையும் தட்டிச் சத்தம் கேட்டார், இது குட்டை டயர், சக்கரத்துலயும் மாட்டல, சத்தம் வராது சார் என்று கடைக்காரம்மா சிரித்தாள். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டலாமா என்றார், பின் டயர் அகலம், மாற்ற முடியாது என்றாள். ஸ்டெப்னி எங்கே என்றார், இந்த வண்டிக்கு ஸ்டெப்னியே கிடையாது என்றாள். ஸ்டெப்னி இல்லாம ஒரு வண்டியா என்று அவர் பட்ட வேதனை இருக்கிறதே, உன் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கவலைப்படவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரிடமோ தூக்கிக் கொடுக்கப்போகிற வண்டிக்கு யாராவது இப்படிக் குனிந்து குனிந்து டயர் பார்ப்பார்களா? கடைக்காரம்மா, யார் ஓட்டறது என்று கேட்டாள். என் பையன் என்றார். எந்த மாதிரி ரோடு என்றாள். பையனைத்தான் கேக்கணும் என்று ஏதோ மென்று விழுங்கினார். சின்ன வயசுப் பையன்னா கோபக்காரனையே போட்டுடலாம் என்று அவள் அதை உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை. ஏம்மா, பையன் கடல் தாண்டி இருக்கான், ஓட்டறது இவர்தான், தினமும் ஓட்டறார், மழையிலயும் ஓட்டறார், பக்கத்துல நான் உட்கார்ந்திருக்கேன், எனக்கு ஏத்த மாதிரி ஒண்ணைப் போடு என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. உன் அப்பா என்னைப் பார்த்தார். கோபமா, வெட்கமா, எதுவென்று சொல்லத் தெரியவில்லை. கடைக்காரம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, வளைவுல எப்படித் திருப்புவீங்க சார் என்று அவரிடம் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. உள்ள நிக்கிறவங்க விழாம என்றார். இரண்டு சீட் வண்டியில் யாரப்பா உள்ளே நிற்கப்போகிறார்கள்! ஆனால் யாரும் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் கோபக்காரனை உருட்டிப் போய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பொறுமைசாலி நான்கையும் எடுத்துவரச் சொன்னாள்.

புது ரப்பர் கொஞ்சம் வழுக்கும், முதலில் மெதுவாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாள். வீடு வரைக்கும் அவர் ஓட்டின வேகத்தில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நல்ல டயர், வாங்கறவன் கொடுத்து வச்சவன் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

வண்டியை விற்காதே. அவர் வாயைத் திறந்து உன்னிடம் கேட்கவே மாட்டார், உன் பொருளைக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர். நீயாகப் போன் செய்து, அப்பா, விக்கிறதா இல்லை, நீங்களே வச்சு ஓட்டுங்க என்று சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஸ்பீக்கரில் போடுவார், நான் பக்கத்தில் நின்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆச்சரியப்படுகிறேன், அது எனக்கு நன்றாக வரும். உன் அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஆரம்பித்தால் முடியைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும்.

லீவுக்கு வரும்போது சாவியைக் கேட்காதே. ஒரே ஒரு நாள் என் சீட்டை உனக்கு விட்டுத்தருகிறேன், அவர் ஓட்டட்டும், நீ உட்கார்ந்து பார். வளைவு வரும்போது பிடித்துக்கொள்ள எதையும் தேட வேண்டாம். மறுநாள் நான் ஏறிக்கொள்வேன்.

நீயும் மருமகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். மறந்துவிடாதே, அங்கே உன் வண்டி டயரையும் ஒரு தடவை குனிந்து உள்பக்கம் பார்.

இப்படிக்கு,
பக்கத்துச் சீட்டிலிருந்து,
உன் அம்மா