கண் எரியாத காற்று

அன்பு மாப்ள முருகேசா,

நம்ம நத்தம் ரோட்டு குடோனின் பின்பக்கம் இப்போது ஒரு பெரிய கறுப்பு டிரம் நிற்கிறது. உள்ளே மண்ணும் மக்கிய எருவும். அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றனவாம். ஏற்றுமதிப் புளிக்கும் மரப்பலகைக்கும் பூச்சி சாக நாம் போடுகிற கேஸை, வேலை முடிந்து வெளியே விடும்போது அந்தக் கிருமிகள் தின்றுவிடுமாம். நீ இருந்தால் சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை, சந்தேகப்பட்டேன். நீ போன இந்த மூன்று வருஷத்தில் எனக்கு வேறு என்ன வருகிறது, சொல்.

டிரம்மைக் கொண்டுவந்தது கவிதா என்கிற ஆராய்ச்சிப் பொண்ணு. நல்ல மாதிரிதான். வயல் மண்ணிலேயே இந்தக் கிருமிகள் உண்டு, அவற்றைப் பெருக்கி வளர்த்திருக்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னது. ஆனால் முதலாளி ஏன் இம்புட்டு ஆர்வமாகச் சம்மதித்தார்? நாம் கையுறை கேட்டதற்கே எத்தனை நாள் அலைய விட்டவர்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. சரக்கு வாங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து டிரம் பக்கத்தில் நிறுத்தினார். கண் எரிகிறதா பாருங்கள் என்றார். யாருக்கும் எரியவில்லை. அதைக் காட்டியே, கேஸை உயரத்தில் கொண்டுபோய் விடுகிற நீளக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டார். அந்தக் காற்று அன்றிலிருந்து நேராகப் புளி ஆய்கிற கொட்டகைப் பக்கம் போனது. அங்கேதான் செல்வி உட்கார்ந்திருக்கிறாள், மாப்ள. நீ போனபின் என் தங்கச்சிக்கு அந்த வேலைதான் கிடைத்தது.

கண் எரியவில்லை என்ற பேச்சை நான் நம்பவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த கேஸுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கண்ணை எரிய வைக்கிற மருந்தைக் கொஞ்சம் கலந்திருப்பார்கள். கண் எரியாவிட்டால் கேஸ் இல்லை என்றுதான் நாங்கள் நம்பினோம். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கேஸ் போடுகிற அறைக்குள் சிக்கிய ஃபேன் வயரை எடுக்க நீ வாசலில் தயங்கி நின்றாய். “கண்ணுதான் எரியலேல்ல, போ மாப்ள” என்று சொன்னவன் நான். கண் எரிகிற மருந்து முன்னாலேயே காற்றில் போய்விட, கேஸ் மட்டும் உள்ளே தங்கியிருந்தது. சாயங்காலம் தலைவலி, வாந்தி. மறுநாள் வலிப்பு. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நீ இல்லை. முதலாளி எல்லாரிடமும் நெஞ்சுவலி என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான் கவிதாவைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். உன் கிருமி கண் எரிகிற மருந்தை மட்டும் தின்றுவிட்டு, கேஸை அப்படியே வெளியே விட்டால் என்ன ஆகும்?

அந்தப் பொண்ணு கோபப்படவில்லை.

“அப்பிடியும் இருக்கலாம்ணே. நான் நல்லாப் பாத்துதான் வச்சேன். ஆனா இங்க ஃபேன் எம்புட்டு வேகமா ஓடுதுன்னு எனக்குத் தெரியாது.”

மறுநாள் கேஸைச் சோதிக்கிற கண்ணாடிக் குழல்களோடு வந்தது. டிரம்மிலிருந்து வரும் காற்றை இழுத்ததும் குழலுக்குள் இருந்த தூள் நிறம் மாறியது. கேஸ் தின்னப்படாமல் வெளியே வருகிறது என்று அர்த்தம். கொட்டகைக்கு ஓடி எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன்.

சரக்கு சீக்கிரம் போகட்டும் என்று முதலாளி, கேஸை டிரம்முக்குள் தள்ளுகிற ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார். கிருமி தின்பதற்குள் கேஸ் தாண்டிப் போயிருக்கிறது. மெதுவாக விட்டால்தான் அதற்கு நேரம் கிடைக்கும் என்றது கவிதா. முதலாளி என்னிடம்தான் பாய்ந்தார். “ஒன்ன யாருப்பா சோதிக்கச் சொன்னா?” குழாயை மறுபடி மாட்டாமல், ஃபேனைக் குறைக்காமல் இனி அறையைத் திறந்து சரக்குக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். கேஸ் போட லைசென்ஸ் உள்ள ஆள் அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. முறைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஃபேனைக் குறைத்துச் சோதித்தோம். தூள் நிறம் மாறவில்லை. அடுத்த வாரமும் மாறவில்லை. கிருமி நிஜமாகவே தின்கிறது, மாப்ள. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் குழல் வைத்துப் பார்க்காமல் நான் நகர்வதில்லை. கிருமி மேல் சந்தேகம் போய்விட்டது. ஃபேன் சுவிட்சில் கை வைக்கிறவர்கள் மேல் போகவில்லை.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்குப் போய், அன்று வாசலில் நான் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ஆஸ்பத்திரிலயே அவரு சொல்லிட்டாருண்ணே. நீயா வந்து எப்பச் சொல்லுவேன்னுதான் இருந்தேன்.”

மூன்று வருஷமாக அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நீ அவளிடம் எந்த முகத்தோடு சொன்னாய் மாப்ள, கோபமாகவா? அவளிடமே கேட்டேன். சாப்பிட்டுப் போ என்றாள்.

நீ நெஞ்சுவலியில் சாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். வாசலில் நான் சொன்ன வார்த்தையும் அதில் இருக்கும். அதை மறைக்க மாட்டேன்.

உன் மச்சான்,
செல்வியின் அண்ணன்